பழைய டிவி கேமைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

சென்ற விடுமுறையில் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் எங்கள் வீட்டிற்குப் போயிருந்தேன். தங்கை பரணைச் சுத்தம் செய்து கொண்டிருந்தாள். மேலே இருந்து ஓர் அட்டைப் பெட்டி இறங்கியது. உள்ளே 1990-களில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம், இரண்டு கண்ட்ரோலர்கள், ஆறேழு கேசட்டுகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. "அண்ணே, இதை எடுத்துட்டுப் போறியா, இல்ல பழைய இரும்புக்காரர்கிட்டப் போட்டுரவா?" என்று கேட்டாள். பக்கத்தில் அதே கதிக்குக் காத்திருந்தது இன்னொரு பொருள்: அம்மாவுக்கு ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அரசு இலவச கலர் டிவி.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் டிவி கேமை எடுத்துப் போய் ஹாலில் இருந்த எல்இடி டிவியில் மாட்டினான். மரியோ வந்தது. காண்ட்ரா வந்தது. ஆனால் வாத்து சுடும் கேமில் மட்டும் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. "துப்பாக்கி அவுட்டு மாமா" என்றான்.

துப்பாக்கியில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். பரணிலிருந்து இறங்கிய 14 அங்குல இலவச டிவியைத் துடைத்து, அதில் டிவி கேமை மாட்டிக் கொடுத்தேன். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. அன்று இரவு பதினொரு மணி வரை அந்த டிவியை யாரும் அணைக்கவில்லை. பழைய இரும்புக்காரருக்குப் போக வேண்டியிருந்த இரண்டு பொருட்கள் சேர்ந்து, புதிய டிவியால் முடியாததைச் செய்துவிட்டன.

இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் இந்த மாதம் உங்களுடன் பேச நினைக்கிறேன். உலகம் முழுவதும் பழைய வீடியோ கேம்களை ஒரு பெரிய ஆர்வலர் கூட்டம் உயிரோடு வைத்திருக்கிறது. அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள்? நம் ஊரில் அந்த வேலையை யார் செய்வது?

வாத்து ஏன் விழவில்லை?

முதலில் துப்பாக்கி ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. உள்ளே வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண் மட்டுமே இருக்கிறது. நீங்கள் விசையை அழுத்தியதும் கேம் ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடுகிறது. துப்பாக்கியின் கண்ணுக்கு அந்த வெள்ளை தெரிந்தால் குறி சரி. தெரியாவிட்டால் குறி தப்பு. அவ்வளவுதான்.

படக்குழாய் உள்ள பழைய டிவியில் சிக்னல் வந்த அதே கணத்தில் படம் திரையில் விழுந்துவிடும். எல்சிடி, எல்இடி டிவிகள் அப்படியல்ல. வந்த படத்தை வாங்கி, தன் திரை அளவுக்குப் பெரிதாக்கி, பிறகுதான் காட்டுகின்றன. இந்தத் தாமதம் விநாடியில் சிறு பங்குதான். சீரியல் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. ஆனால் துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் வெள்ளைக் கட்டம் இன்னும் திரைக்கே வந்திருக்காது. மரியோவைத் தாண்ட வைக்கும்போதும் பட்டனை அழுத்துவதற்கும் தாண்டுவதற்கும் இடையில் ஒரு பிசிறு இருப்பது இதனால்தான்.

எனவே வெளிநாடுகளில் பழைய கேம் ஆர்வலர்கள் படக்குழாய் டிவிகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலோ 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசே படக்குழாய் கலர் டிவி கொடுத்தது. அவற்றில் எத்தனையோ இன்னும் பரண்களில் தூங்குகின்றன. நாம்தான் அவற்றைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுக் கொண்டிருக்கிறோம்!

வெறும் மலரும் நினைவா?

"வயசானவர்கள் சின்ன வயசை நினைத்து உருகுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2023 டிசம்பரில் நடந்த ஒரு விஷயத்துக்கு இந்தப் பதில் பொருந்தவில்லை.

நிண்டெண்டோவின் டெட்ரிஸ் 1989-ல் வெளியானது. அதில் 29-வது லெவலுக்கு வந்தால் கட்டைகள் அவ்வளவு வேகமாக விழும். அதற்கு மேல் மனிதனால் முடியாது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆர்வலர்கள் விடவில்லை. கண்ட்ரோலரைப் பிடிக்கும் முறையையே மாற்றினார்கள். கட்டைவிரலால் பட்டனை அழுத்துவதற்குப் பதில், பட்டன் மேல் விரலை வைத்துக் கொண்டு, கண்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் தபேலா வாசிப்பதுபோல் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 157-வது லெவல் வரை போனான். அதற்கு மேல் முடியாமல் கேமே உறைந்து நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் புரோகிராம்கள் அல்லாமல், ஒரு மனிதன் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

அந்தச் சிறுவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த கேம் அது. அவனுக்கு எங்கிருந்து மலரும் நினைவு வரும்? எங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனுக்கும் அது கிடையாது. பிறகு எது அவர்களைப் பிடித்து வைக்கிறது?

என் பதில் இது: அந்த கேம்கள் முழுவதும் ஒரு மனிதனின் கைக்குள் அடங்குகின்றன.

நாற்பது கிலோபைட் உலகம்

ஜப்பானில் 1983-ல் நிண்டெண்டோ ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. நம் டிவி கேம்கள் எல்லாம் அதன் வாரிசுகள்தான். அதன் பிராசசர் வேகம் 1.79 மெகா ஹெர்ட்ஸ். நினைவகம் 2 கிலோபைட். மெகாபைட் அல்ல, கிலோபைட்! 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் 40 கிலோபைட். எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள், பாட்டு, எதிரிகள், ரகசியக் குழாய்கள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இன்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும் ஒரு காலை வணக்கப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

இடம் பற்றாததால் அவர்கள் செய்த சிக்கனத்தைப் பாருங்கள். மரியோவில் வானத்தில் தெரியும் மேகமும் தரையில் தெரியும் புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டும் வேறு. இத்தனை வருடம் விளையாடியும் எனக்கு இது தெரியாது. ஒருமுறை தெரிந்த பிறகு கண்ணில் இருந்து போகவே மாட்டேன் என்கிறது.

இவ்வளவு சிறியதாக இருப்பதால், உட்கார்ந்து முழுவதும் படித்துவிட முடிகிறது. மரியோவின் புரோகிராமை ஆர்வலர்கள் வரிவரியாகப் பிரித்து, எந்த இடத்தில் எது நடக்கிறது என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவை வைத்துக் கொண்டு கேமை வேகமாக முடிக்கப் போட்டி போடுகிறார்கள். 4 நிமிடம் 55 விநாடி என்ற எல்லையை 2021-ல் ஒருவர் உடைத்தார். கேம் வந்து 36 ஆண்டுகள் கழித்து! ஒரு விநாடியில் சிறு பங்கைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். சதுரங்கம் ஆடுபவர் பழைய ஆட்டங்களைக் கரைத்துக் குடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இன்று நம் பிள்ளைகள் போனில் விளையாடும் கேம் அவர்கள் கையில் இல்லை. எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் சொல்வது இதுதான்: பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் துப்பாக்கிகளும் அவர்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. 2024 மார்ச் மாதக் கடைசியில் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை அதன் நிறுவனம் நிறுத்தியது. கடையில் டிஸ்க் வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. ஐரோப்பாவில் இதை எதிர்த்துப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் வீட்டு டிவி கேமுக்கு சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, அப்டேட் கிடையாது. முப்பது வருடம் கழித்து மாட்டினோம், ஓடியது. தோற்றவன் கண்ட்ரோலரை அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே சட்டத்தோடு ஓடியது.

நம் டிவி கேமுக்குப் பெயர் என்ன?

இனி நம் கதைக்கு வருவோம். 1990-களில் நாம் விளையாடியது பெரும்பாலும் அசல் நிண்டெண்டோ அல்ல. நிண்டெண்டோவின் அனுமதியோடு சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் விற்ற பெட்டி உண்டு. ஆனால் நம் பக்கம் பரவியது குளோன் எனப்படும் நகல் பெட்டிகள். லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பல பெயர்களில் வந்தன. பெயரே இல்லாமலும் வந்தன. அசல் பெட்டியில் பல சிப்கள் செய்த வேலையைப் பின்னால் வந்த நகல்களில் ஒரே சிப் செய்தது. பிரித்துப் பார்த்தால் போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டுப் பிசின் உறைந்திருக்கும். அதற்குள்தான் எல்லாம்.

கேசட்டில் "9999 கேம்ஸ்" என்று போட்டிருக்கும். ராஜபாளையத்தில் பெரியப்பா வீட்டில் நாங்கள் ஒருமுறை லீவு முழுவதும் உட்கார்ந்து அத்தனையையும் முடித்துவிடுவது என்று கிளம்பினோம். முப்பதாவது கேமுக்குள் விஷயம் வெளிப்பட்டது. இருப்பது ஏழெட்டு கேம்தான். அதே மரியோ, வேறு பெயரில், வேறு கட்டத்தில் ஆரம்பிக்கும். அதே டாங்கி கேம், வேறு லெவலில் ஆரம்பிக்கும். ஏமாந்தோம் என்று தெரிந்தும் ரசித்து விளையாடினோம்.

காண்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் வித்தையும் நினைவிருக்கும். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. இது கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானியர் வைத்தது. 1986-ல் கிராடியஸ் என்ற கேமை டிவி பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது கஷ்டமாக இருந்ததாம். அதனால் தனக்காக ஒரு குறுக்குவழி போட்டுக் கொண்டார். 2020-ல் அவர் காலமானார். அவர் போட்ட குறுக்குவழி இண்டர்நெட் இல்லாத காலத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் கேம் சென்டருக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. பையனுக்குப் பையன், வாய்வழியாக.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எமுலேட்டர் என்பது ஒரு பழைய பெட்டியைப்போல் உங்கள் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர். எஃப்சிஇயுஎக்ஸ், மெசன் போன்ற எமுலேட்டர்களில் எந்த நாட்டுப் பெட்டியாக நடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் உண்டு. அதில் என்டிஎஸ்சி இருக்கும். அது ஜப்பான், அமெரிக்கா. பால் இருக்கும். அது ஐரோப்பா. மூன்றாவதாக டெண்டி என்று ஒன்று இருக்கும்.

டெண்டி என்பது என்ன தெரியுமா? ரஷ்யாவில் 1992 கடைசியில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டி. யானைக் குட்டி படம் போட்டிருக்கும். நம் பெட்டிகளைப்போலவே அதுவும் நிண்டெண்டோவின் நகல்தான். ஆனால் அதில் விளையாடி வளர்ந்தவர்கள் அதைக் குப்பையில் போடவில்லை. பிரித்துப் பார்த்தார்கள், அளந்தார்கள், எழுதி வைத்தார்கள். அதன் சிப் எந்த வேகத்தில் ஓடுகிறது, ஒரு விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று கணக்கு எடுத்தார்கள். அதனால் ஒரு நகல் பெட்டிக்கு அசல் பெட்டிகளின் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இதனால் நமக்கென்ன? ஜப்பான், அமெரிக்க டிவிகள் விநாடிக்குச் சுமார் 60 முறை படத்தை மாற்றுகின்றன. இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறையில் விநாடிக்கு 50 முறைதான். ஜப்பானிய கேமை 50 படம் காட்டும் நகல் பெட்டியில் போட்டால், எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மரியோவின் பாட்டும் நிதானமாகத்தான் வரும். இன்று கம்ப்யூட்டரில் மரியோ விளையாடும் நம் வயதுக்காரர்கள் பலர், "என்னமோ வேகமாப் போகுதே, கை பழக்கம் போச்சு" என்பார்கள். கை பழக்கம் போகவில்லை. நீங்கள் வளர்ந்த மரியோ வேறு! பட்டியலில் டெண்டி என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு மரியோ திரும்பி வருவார்.

நம் பால்யத்தை நமக்குத் திருப்பிக் கொடுத்தது ரஷ்யாக்காரர்களின் உழைப்பு. அதற்கு நன்றி. ஆனால் நம் பெட்டிகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்த ஊரில் என்ன பெயரில் விற்றன, உள்ளே எந்த போர்டு, கேசட்டில் எந்த கேமைப் பெயர் மாற்றிப் போட்டிருந்தார்கள் என்பதை எந்த நிறுவனமும் நமக்காக எழுதி வைக்கப் போவதில்லை. நகல் செய்தவருக்கு வரலாறு தேவையில்லை. அசலைச் செய்தவருக்கு நகலின் வரலாறு பிடிக்காது. மிச்சம் இருப்பது விளையாடிய நாம் மட்டுமே.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931-ல் வெளியானது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் சினிமாவை "இதையெல்லாமா காப்பாற்றுவார்கள்" என்று நினைத்திருப்பார்கள். காளிதாஸையும் காண்ட்ராவையும் ஒரே தட்டில் வைப்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் பொழுதுபோக்கு என்று அலட்சியமாக விட்டதை, பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இது திருட்டு இல்லையா?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். எமுலேட்டர் வைத்திருப்பது தவறல்ல. ஆனால் அடுத்தவருக்குக் காப்பிரைட் உள்ள கேம் பைலை இண்டர்நெட்டிலிருந்து இறக்குவது சட்டப்படி சரியல்ல. முப்பது வருடம் ஆனாலும் காப்பிரைட் காப்பிரைட்தான். முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராம் அழிந்துவிடாமல் இருக்க பேக்கப் எடுத்துக் கொள்ள நம் 1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நம் 9999 கேசட்டே நகல் என்பதால் அந்தப் பிரிவின் நிழலில் நாம் ஒதுங்க முடியாது.

அதே சமயம் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைக்காது என்று அதில் தெரிந்தது. காசு கொடுக்கத் தயார் என்றாலும் விற்பவர் இல்லை. நூலகங்கள் இத்தகைய கேம்களை ஆய்வாளர்களுக்கு இண்டர்நெட் வழியாகக் காட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் மறுத்துவிட்டது. எமுபாரடைஸ் என்ற புகழ்பெற்ற தளம் 18 ஆண்டுகளுக்குப் பிறகு 2018-ல் தன் கேம் பைல்களை எல்லாம் எடுத்துவிட்டது. இந்தியாவில் வளரும்போது இந்த கேம்கள் தனக்குக் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் ஆரம்பித்ததாக அதை நடத்தியவர் அப்போது சொன்னார்.

விற்கிற பொருளை ஓசியில் எடுப்பது தப்பு. ஆனால் யாரும் விற்காத, யாரும் பாதுகாக்காத பொருளைத் தூசி தட்டி வைப்பவரையும் அதே தராசில் நிறுத்துவது சரியா? இல்லை என்பது என் கருத்து. உரிமையாளர்களே இறங்கி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை 1989-ல் உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், அதன் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய ஆப்பிள் பிளாப்பிகள் அடங்கிய பெட்டி கிடைத்தது. ஆர்வலர்கள் உதவியோடு அதைப் படித்தெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார் மெக்னர். அவருடைய அப்பாவும் அந்தப் பெட்டியைப் பழைய பொருள் என்று தூக்கிப் போட்டிருந்தால்?

என்ன செய்யலாம்?

பெரிய மியூசியம் எதுவும் கட்டச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. பரணைப் பாருங்கள். டிவி கேம், கேசட், பழைய பிளாப்பி, கேம் சிடி எது கிடைத்தாலும் தனியே எடுத்து வையுங்கள். படக்குழாய் டிவி ஓடுகிறது என்றால் ஒன்றையாவது வைத்திருங்கள். ஆனால் அதன் பின்மூடியைக் கழற்றாதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ரிப்பேர் வேலையை டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

2. கேசட் ஓடவில்லையா? நாம் எல்லோரும் செய்ததுபோல் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செப்புப் பட்டைகளை அரிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

3. பழைய அடாப்டர் போயிருந்தால் கையில் கிடைத்ததை மாட்டாதீர்கள். எத்தனை வோல்ட், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் அடியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குப் பெட்டி இது மாறும்.

4. போட்டோ எடுங்கள். பெட்டியின் முன்புறம், பின்புறம், கேசட் லேபிள், திரையில் வரும் கேம் பட்டியல். முடிந்தால் உள்ளே இருக்கும் போர்டு. எந்த வருடம், எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு பேப்பரில் எழுதிக் கூடவே வையுங்கள். பொருளைவிட இந்தக் குறிப்புதான் சீக்கிரம் தொலையும்.

5. டிவி கேமே இல்லை என்கிறீர்களா? 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கும். "ஸ்லோ" என்று மூலையில் போட்டிருப்பீர்கள். 1.79 மெகா ஹெர்ட்ஸ் பெட்டியாக நடிக்க அது தாராளமாகப் போதும். டாஸ்பாக்ஸ் இன்ஸ்டால் செய்தால் பழைய டாஸ் கேம்களும் ஓடும். சட்டப்படியே கிடைப்பவையும் இருக்கின்றன. டூம் கேமின் முதல் பகுதியை அதன் நிறுவனமே 1993-ல் ஷேர்வேராகக் கொடுத்தது. 2003-ல் இலவசமாக விடப்பட்ட பினீத் எ ஸ்டீல் ஸ்கை கேமை ஸ்கம்விஎம் சாஃப்ட்வேரில் விளையாடலாம். பழைய நிண்டெண்டோ பெட்டிக்கென்றே இன்றும் புது கேம் எழுதுகிறார்கள். 2019-ல் வந்த மைக்ரோ மேஜஸ் அப்படி ஒன்று. அதுவும் மரியோவைப்போல 40 கிலோபைட்டுக்குள்தான்!

6. எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுங்கள். போன் கேமில் அவன் பக்கத்தில் உங்களுக்கு இடம் கிடையாது. இதில் இரண்டாவது கண்ட்ரோலர் உங்களுக்குத்தான்.

பழைய கேம்கள் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. அந்த 9999-ல் பாதி சகிக்க முடியாதவை. புதிய கேம்களில் அருமையானவை எத்தனையோ உண்டு. கண்ணுக்கும் நேரத்துக்கும் அளவு வேண்டும் என்பது எல்லா கேமுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு பொருளை முழுவதும் புரிந்து கொள்ள முடியும், ரிப்பேர் செய்ய முடியும், அடுத்தவர் கையில் கொடுக்க முடியும் என்ற அனுபவம் இன்றைய பிள்ளைகளுக்கு அரிதாகிவிட்டது. அது பரணில் கிடக்கும்போது அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஊரிலிருந்து கிளம்பும் அன்று டிவி கேமை எடுத்துப் பையில் வைக்கப் போனேன். பெட்டியைக் காணோம். தேடினால், அந்த 14 அங்குல டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, துணி மூடி, பத்திரமாக வைத்திருந்தான் மருமகன். கேசட் ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் ஒட்டி, உள்ளே நிஜமாக இருக்கும் கேம்களின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தான். 9999 என்று போட்ட கேசட்டின் மேல் மட்டும் பெரிதாக ஒரு எண்: 8.

நான் பையை மூடிவிட்டு பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டுக் கேசட்டில் எத்தனை? எண்ணிப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.